கை ஓங்கப்படுவதற்கு முன்பான மூன்று மணி நேரம்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் 40 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாக மேலாளராக இருக்கிறேன். சென்ற வாரம் இரவு 9.40 மணிக்கு நெஞ்சுவலியுடன் வந்த 58 வயதுக்காரர் ஒருவர், எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 11.50 மணிக்கு இறந்துவிட்டார். மருத்துவர் இன்னொரு அவசர நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் உறவினர்களிடம் உடனே யாரும் சொல்லவில்லை. முன்னதாக 11 மணிக்குக் கவுன்ட்டரில் 25,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொல்லியிருந்தோம். 12.40 மணிக்கு 24 வயதுச் செவிலியர் ஒருவர் கையெழுத்துக்காகக் காகிதத்துடன் வெளியே வந்தபோதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. உறவினர் ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். தடுக்க வந்த செக்யூரிட்டியைத் தள்ளியதில் அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கண்ணாடிக் கதவு நொறுங்கியது. அதற்கு 38,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். எங்கள் முதலாளியான மருத்துவர், "துக்கத்தில் செய்துவிட்டார்கள், நாளைக்கும் இதே ஊரில்தான் தொழில் நடத்த வேண்டும், போலீஸ் வேண்டாம், கதவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம்" என்கிறார். அந்தச் செவிலியர் ஒரு வாரமாக வேலைக்கு வரவில்லை. வேறு இருவர் இரவுப் பணி வேண்டாம் என்கிறார்கள். மாதம் 60,000 ரூபாய்க்கு இரண்டு பவுன்சர்களை அனுப்புவதாக ஒரு நிறுவனம் கேட்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? முதலாளியிடம் எந்தக் கணக்கை வைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புடையீர்,

உங்கள் கடிதத்தில் அறை விழுந்த நேரத்தை மட்டுமல்லாமல், நோயாளி வந்த நேரம், பணம் கேட்ட நேரம், உயிர் பிரிந்த நேரம் ஆகியவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் 12.40 மணியில் தொடங்கித்தான் கதை சொல்வார்கள். நீங்கள் 9.40 மணியிலிருந்து சொல்லியிருப்பதால், உங்களுக்கு வேண்டிய விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்குப் போவதற்கு முன், நாள் கடந்தால் கைநழுவிப் போகக்கூடிய சில வேலைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சிசிடிவி பதிவு. பல மருத்துவமனைகளில் பதினைந்து அல்லது முப்பது நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது பதிவாகிவிடும். ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது. அன்றிரவு 9.30 முதல் 1.30 வரையிலான பதிவு முழுவதையும், அறை விழுந்த இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுக்காமல், இன்றே தனியாக நகலெடுத்து வையுங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாக வைப்பதற்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். யார் நகலெடுத்தார், எந்தக் கருவியிலிருந்து எடுத்தார் என்று இப்போதே எழுதி வைத்தால் அப்போது திண்டாட வேண்டியிருக்காது.

இரண்டாவது, காயத்தின் பதிவு. செக்யூரிட்டிக்கு உங்கள் மருத்துவமனையிலேயே கட்டுப் போட்டிருப்பீர்கள். அது நல்ல மனதுடன் செய்ததுதான் என்றாலும், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு இல்லாவிட்டால் அந்த எலும்பு முறிவு எப்படி ஏற்பட்டது என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்காது. அவரையும் செவிலியரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஏ.ஆர். பதிவு செய்து, காயச் சான்றிதழுக்கு வழி செய்யுங்கள். சொந்த மருத்துவமனையின் சான்றிதழைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, போலீஸ். இதில் உங்கள் முதலாளியுடன் நான் உடன்படவில்லை, காரணத்தையும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளையும் அவற்றில் பணிபுரிவோரையும் காப்பதற்கென்றே 2008-ஆம் ஆண்டின் 48-ஆம் எண் சட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கு மட்டுமல்ல, தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். மருத்துவப் பணியாளரைத் தாக்குவது அதன்படி ஜாமீனில் விட முடியாத குற்றம். மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். செக்யூரிட்டியின் எலும்பு முறிவோ புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவின்படி கொடுங்காயம். 117-ஆவது பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை தண்டனைக்கு உரியது. புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் முதலில், புகார் வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகி, அதன் நகல் இலவசமாகக் கைக்கு வரும்வரை தொடருங்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, இப்படிப்பட்ட தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே புகார் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை ஆணையிட்டது. அந்த ஆணை மத்திய அரசு மருத்துவமனைகளையும் மருத்துவக் கல்லூரிகளையும் நோக்கியது. உங்களைப் போன்ற சிறிய மருத்துவமனைக்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும் அதன் அடிப்படையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்: புகார் கொடுக்கும் சுமை அடிபட்டவரின் தலையில் விழக்கூடாது, நிறுவனம் அதைத் தன் பெயரில் சுமக்க வேண்டும். 24 வயதுப் பெண் ஒருவர் தன் வீட்டு முகவரியைப் போட்டு, தனியாகக் காவல் நிலையத்துக்கு அலைவது ஒன்று. மருத்துவமனையின் முத்திரையுடன் மேலாளர் கூடவே போவது முற்றிலும் வேறு.

சமாதானம் ஆகலாமா என்றால், ஆகலாம். மனிதர்களுக்குள் அதற்கும் இடம் உண்டு. ஆனால் கதவுக்கு உரிமையாளர் உங்கள் முதலாளி. கன்னத்துக்கும் மணிக்கட்டுக்கும் உரிமையாளர்கள் வேறு இருவர். அந்த இருவரையும் உட்கார வைத்து, எந்த வற்புறுத்தலும் இல்லாமல், "வழக்குத் தொடர விரும்புகிறீர்களா, மன்னிப்புக் கேட்டால் போதும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்காமல், 38,000 ரூபாய்க்கு இந்த விஷயத்தை முடித்தால், கதவு மட்டும்தான் சேதமானது என்று நிறுவனமே எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும். உங்கள் ஊழியர்கள் அதை அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். இரவுப் பணி வேண்டாம் என்று சொல்லும் இருவரும் ஏற்கெனவே அப்படிப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட கணக்கு.

நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் செவிலியருக்குச் சராசரியாக 16,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் உண்மையான தொகையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வராத செவிலியரின் ஏழு இரவுகளை மற்றவர்கள் இரட்டைச் சம்பளத்துக்குப் பார்த்திருந்தால் ஏறத்தாழ 7,500 ரூபாய். அவர் வேலையை விட்டுவிட்டால் புதியவர் ஒருவரை எடுக்க வேண்டும். புதியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவில் தனியாக நிற்கும் அளவுக்குத் தேற இரண்டு மாதமாவது ஆகும். அந்த இரண்டு மாதமும் இருவருக்குச் சம்பளம் கொடுத்து ஒருவருடைய வேலையைப் பெறுவீர்கள். அந்த வகையில் 32,000 ரூபாய். மூவரும் போனால் 96,000. இது சம்பளக் கணக்கு மட்டும்தான். ஆள் இல்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கையை ஒரு வாரம் மூடி வைத்தால் எவ்வளவு வருமானம் போகும் என்று உங்கள் முதலாளிக்கு நான் சொல்லத் தேவையில்லை. இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் வசூலிக்க நினைக்கும் கதவின் விலைதான் இந்தப் பட்டியலிலேயே எளிதில் ஈடுகட்டக்கூடிய தொகை.

ரூபாயில் எழுத முடியாத செலவு ஒன்றும் இருக்கிறது. என் அனுபவத்தில் அதுதான் பெரியது. அடிவாங்கிய செவிலியரும், அதைப் பார்த்த செவிலியரும், அதன் பிறகு உறவினர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதைத் தவிர்க்கத் தொடங்குவார்கள். "டாக்டர் வந்து சொல்வார்" என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள். யாரும் எதுவும் சொல்லாததால் வெளியே நிற்பவர்களின் பதற்றம் கூடும். அடுத்த தாக்குதலுக்கான விதை அங்கே விழுகிறது. அதைவிட மோசமாக, மோசமான நிலையில் வரும் நோயாளியை எடுக்கவே பயந்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் பழக்கம் மருத்துவர்களுக்கும் வந்துவிடும். உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூருக்கு வண்டி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் போகும் உயிரும் இந்த ஓர் அடியின் விலையில் சேர்ந்ததுதான்.

இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 விழுக்காட்டினர் தம் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2021-இல் 121 நாடுகளில் நடத்தி, 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை பார்ப்போரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பணியிடத்தில் ஏதாவதொரு வன்முறையையோ துன்புறுத்தலையோ சந்தித்திருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள். பேருந்து நடத்துநர், பெட்ரோல் பங்க் ஊழியர், டாஸ்மாக் விற்பனையாளர், மின்இணைப்பைத் துண்டிக்கப் போகும் ஊழியர் என்று, பொதுமக்களின் கோபத்துக்கு முதலில் கிடைக்கும் முகம் எதுவோ அதன்மேல்தான் கை விழுகிறது. அந்த முகம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தில் குறைந்த சம்பளம் வாங்குபவருடையதாகவே இருக்கிறது. முன்பணத்தை முடிவு செய்தவர் அந்தச் செவிலியர் அல்லர். தாமதத்துக்கும் அவர் காரணம் அல்லர். அறை மட்டும் அவருக்கு விழுந்தது.

இப்போது அந்த மூன்று மணி நேரத்துக்கு வருவோம். அடிப்பதற்கு எந்தக் காரணமும் நியாயமாகாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அதனால்தான் வழக்கைப் பற்றி முதலில் எழுதினேன். ஆனால் தண்டனை, நடந்துவிட்டதற்குத்தான். நடக்காமல் தடுக்க வேண்டுமென்றால், நடப்பதற்கு முன் உங்கள் மருத்துவமனைக்குள் என்ன இருந்தது என்று பார்த்தே ஆக வேண்டும். 9.40 முதல் 11 வரை யாரும் எதுவும் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. 11 மணிக்குத்தான் ஒருவர் பேசினார். அவரும் பணத்தைப் பற்றிப் பேசினார். 11.50-க்கு உயிர் போயிற்று. அடுத்த ஐம்பது நிமிடம், கண்ணாடிக்கு வெளியே நின்ற மனைவியும் பிள்ளைகளும் அவர் உயிரோடு இருப்பதாக நினைத்துப் பணத்துக்காக யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்திருப்பார்கள். பிறகு கையெழுத்துக்கான காகிதத்தின் வழியாக மரணம் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காகிதத்தை ஏந்திவந்தவர், உங்கள் கட்டடத்தில் அன்றிரவு இருந்தவர்களிலேயே வயதில் மிகச் சிறியவர்களில் ஒருவர்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் மருத்துவமனை நிர்வாகத்துக்கு வந்த புதிதில், நான் பணியாற்றிய இடத்தில் ஒரு வார்டு ஆயாவின்மேல் நோயாளியின் தம்பி டிபன் கேரியரை வீசிவிட்டார். நெற்றியில் நான்கு தையல். அவருக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்து, 500 ரூபாய் கையில் வைத்து, மறுநாளே பணிக்கு வரச் சொன்னேன். எங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டு வாரம் வந்தார், பிறகு வரவில்லை. அடுத்த ஓராண்டில் அதே வார்டில் இன்னும் இருவர் அடிபட்ட பிறகுதான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் இரவு ஏழிலிருந்து எட்டு மணிக்குள் நடந்திருந்தன. பார்வையாளர் நேரம் முடிந்து, ஒற்றை ஆள் நின்று அறுபது பேரை வெளியே அனுப்பும் நேரம் அது. மணியைக் கால் மணி நேரம் முன்னதாக அடித்து, வார்டின் கடைசிப் படுக்கையிலிருந்து இருவராகச் சேர்ந்து சொல்லிக்கொண்டே வரும்படி மாற்றினோம். அந்த நேரத்தில் அடிதடி நின்றது. முதல் முறையே எழுதி வைத்திருந்தால் மற்ற இரு பெண்களும் தப்பியிருப்பார்கள் என்ற எண்ணம் என்னை இன்னும் விடவில்லை.

ஆகவே பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். அடி மட்டுமல்ல, கெட்ட வார்த்தை, மிரட்டல், கையை ஓங்கியது, செல்போனில் படம் பிடித்து மிரட்டியது எல்லாம் அதில் வரட்டும். தேதி, மணி, இடம், அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்று ஐந்தே வரி போதும். துப்புரவுப் பணியாளர் வாயால் சொன்னால் வேறொருவர் எழுதிக்கொள்ளட்டும். எழுதியவரை "நீ என்ன பேசினாய்?" என்று முதல் கேள்வி கேட்டுவிட்டால், அத்தோடு அந்தப் பதிவேடு செத்துவிடும், இதில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். மாதம் ஒருமுறை முதலாளியும் நீங்களும் இரவுச் செவிலியர் ஒருவரும் உட்கார்ந்து அதைப் படியுங்கள்.

பவுன்சர்களைப் பற்றி என் கருத்து கறாரானது: வேண்டாம். அவர்கள் வாசலில் நிற்பார்கள். உங்கள் செவிலியருக்கு அடி விழுந்தது மருத்துவமனைக்கு உள்ளே. பயந்துபோய் வரும் குடும்பத்தை முறுக்கிய உடம்புடன் இருவர் எதிர்கொண்டால், இந்த மருத்துவமனை தம்மை எதிரியாக நினைக்கிறது என்று வாசலிலேயே அவர்களுக்குத் தோன்றிவிடும். அவர்களில் ஒருவர் உறவினர் மேல் கை வைத்துவிட்டால் வழக்கு உங்கள்மேல் திரும்பும். எந்தப் பாதுகாப்பு நிறுவனத்தை வைத்தாலும் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் பெற்றிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 60,000 ரூபாயை வேறு விதமாகச் செலவழித்துப் பாருங்கள். ஆண்டுக்கு அது 7,20,000 ரூபாய். மாதம் 20,000 ரூபாய் சம்பளத்தில், உறவினர்களிடம் பேசுவதற்கென்றே இருவரை முறை மாற்றி அமர்த்தினால் 4,80,000. இரவுக்குக் கூடுதலாக ஒரு செவிலியருக்கு 1,92,000. மீதி 48,000 ரூபாயில், மேசைக்கு அடியில் ஓர் அழைப்பு மணி, நடைபாதைக்கு நல்ல விளக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு உள்ளிருந்து திறக்கும் பூட்டு ஆகியவற்றை வாங்கலாம்.

பேசுவதற்கு அமர்த்தப்படுபவர் அதிகம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. நடுத்தர வயதில், நிதானமாகப் பேசத் தெரிந்த, அந்த வட்டாரத்தின் பேச்சு புரிந்தவராக இருந்தால் போதும். மோசமான நிலையில் நோயாளி வந்ததும் குடும்பத்தில் ஒருவரை, முடிந்தால் சற்றுப் படித்தவரையோ மூத்தவரையோ அடையாளம் கண்டு, அவர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை உள்ளே போய்க் கேட்டுவந்து அவரிடம் சொல்ல வேண்டும். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், "இன்னும் அப்படியேதான் இருக்கிறார், டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார்" என்றாவது சொல்ல வேண்டும். நிலைமை கைமீறிப் போகிறது என்றால், அதை இறந்த பிறகு சொல்லாமல் முன்கூட்டியே சொல்லிக் குடும்பத்தைத் தயார் செய்வது மருத்துவரின் கடமை.

மரணத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நின்றபடி, நடைபாதையில், கூட்டத்துக்கு நடுவே சொல்லக்கூடாது. ஒரு சிறிய அறையில் நான்கு நாற்காலி, தண்ணீர், கதவைச் சாத்தும் வசதி இருந்தால் போதும். இன்னொரு அவசர நோயாளி இருந்தார் என்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கும். அப்படியானால் இரவில் இரண்டாவதாக ஒரு மருத்துவரை அழைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. எந்த நிலையிலும், மரணச் செய்தி தெரிந்ததை உறுதி செய்யாமல் காகிதத்தையோ பில்லையோ எடுத்துக்கொண்டு செவிலியர் வெளியே போகக்கூடாது என்பதை எழுத்துமூல விதியாக்குங்கள். இந்த ஒரு விதிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பணப் பேச்சைச் சிகிச்சையிலிருந்து பிரித்துவிடுங்கள். அவசர சிகிச்சைதான் முதலில், மற்ற சடங்குகளெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டது. உத்தேசச் செலவைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்; உயிருக்குப் போராடும் முதல் மணி நேரங்களில் முன்பணத்துக்காக அழைக்காதீர்கள். பாக்கிக்காக உடலைத் தர மறுப்பது தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்துக்கு முரணானது. கைகலப்புக்கு அதைவிட விரைவான வழியும் எனக்குத் தெரியவில்லை.

சிறிய ஊரில் ஒரு மரணம் என்றால் அரை மணி நேரத்தில் முப்பது நாற்பது பேர் திரண்டுவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அடிப்பவர் பெரும்பாலும் மனைவியோ மகனோ அல்லர். கடைசியாக வந்து, என்ன நடந்தது என்றே தெரியாமல், சில வேளை குடித்துவிட்டும் வந்து நிற்கும் ஒருவர். நோயாளிக்கு இருவருக்கு மட்டும் பாஸ், மற்றவர்கள் முன்கூடத்தில் என்ற ஒழுங்கை நாள் முழுவதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடித்தால்தான் அந்த நேரத்தில் அது நிற்கும். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் உடனிருப்போருக்கு நிறப் பட்டை கட்டத் தொடங்கியதும் இதற்காகத்தான். செவிலியர் மேசை சுவரோடு மூலையில் இருந்தால், பின்பக்கம் ஒரு வழி இருக்குமாறு நகர்த்துங்கள். 2023 மே மாதம் கேரளத்தின் கொட்டாரக்கரையில், சிகிச்சைக்காகப் போலீஸ் அழைத்துவந்த ஒருவர், அங்கிருந்த கத்திரிக்கோலை எடுத்து இளம் மருத்துவரைக் குத்திக் கொன்றார். காயம் கட்டும் அறையில் கூரான கருவிகள் கைக்கு எட்டும் தூரத்தில் திறந்து கிடக்கின்றனவா என்று இன்று மாலையே ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள்.

செக்யூரிட்டியின் வேலை என்ன என்பதையும் திருத்தி எழுத வேண்டும். அறுபது வயதை நெருங்கிய ஒருவரை, கையில் ஒரு தடியைக் கொடுத்து, நாற்பது பேரைத் தடுக்கச் சொல்வது அவருக்குச் செய்யும் கொடுமை. குரல் உயர்வது, ஒருவர் இங்குமங்கும் வேகமாக நடப்பது, போனில் ஆள் கூப்பிடுவது ஆகியவற்றைக் கண்டதும் மணியை அழுத்துவதும், செவிலியரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவதும், 100-ஐ அழைப்பதும்தான் அவர் வேலை. சண்டை போடுவது அல்ல.

உணர்ச்சி வேகத்தில் நடக்கும் அடியை மட்டும் நினைத்துத் திட்டமிட்டாலும் போதாது. தூத்துக்குடியில் 2012 ஜனவரியில் பெண் மருத்துவர் ஒருவரைக் கொன்றவர், சில நாட்களுக்கு முன் சிகிச்சையில் இறந்த பெண்ணின் கணவர். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டது பட்டப்பகலில், புறநோயாளிப் பிரிவில். குத்தியவர் ஒரு நோயாளியின் மகன். மனதுக்குள் வைத்துப் புழுங்கிய குறைக்கு வாசல் இல்லாதபோது இப்படியும் நடக்கிறது. எனவே வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரை அழைத்து, அன்றிரவு என்ன சிகிச்சை கொடுக்கப்பட்டது, ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கட்டும். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. கேட்கும் முன்பே கொடுத்தால் இன்னும் நல்லது. ஐம்பது நிமிடம் சொல்லாமல் இருந்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். அடித்ததற்கு அவர்கள் பொறுப்பு; சொல்லாமல் விட்டதற்கு நீங்கள் பொறுப்பு. ஒன்றை ஒப்புக்கொள்வதால் மற்றது கரைந்துவிடாது.

அடிபட்டவர்களுக்குச் சேர வேண்டியவற்றையும் பார்த்துவிடுங்கள். இருவருடைய சம்பளமும் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வருவார்கள். பணியின்போது இன்னொருவர் தாக்கியதால் ஏற்பட்ட காயமும் பணிக்காயம்தான். ஆட்டோவைப் பறிக்க வந்தவர்களால் கொல்லப்பட்ட ஓட்டுநரின் வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த மரணத்தையும் இழப்பீட்டுக்குரிய விபத்தாகவே ஏற்றது. வேலை செய்ய முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு வரை தற்காலிக ஊனப் பயன் கிடைக்கும்; அதற்கு நீங்கள் விபத்து அறிக்கையை அனுப்ப வேண்டும். செக்யூரிட்டி ஏஜென்சி ஆள் என்று ஒதுங்க முடியாது. ஏஜென்சி அவருக்கு ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டவில்லை என்றால் முதன்மை முதலாளி என்ற முறையில் அந்தப் பொறுப்பு உங்களிடம் வரும். செவிலியரின் ஒரு வார விடுப்பைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். தகாத பேச்சோ சீண்டலோ நடந்திருந்தால், வெளியார் செய்தது என்றாலும், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் நிர்வாகத்துக்கு அதில் கடமை உண்டு. உள் புகார் குழுவிடம் புகார் கொடுக்க மூன்று மாதக் கெடு. இதை ஒரு பெண் அலுவலர் அவரிடம் தனியாகக் கேட்கட்டும்.

கடைசியாக, அந்தப் பெண்ணைப் பற்றி. நள்ளிரவில் "சிஸ்டர், கொஞ்சம் வாங்க" என்று அழைத்த கூட்டத்திலிருந்தே அந்தக் கை வந்திருக்கிறது. வலியைவிட அந்த அவமானம்தான் அவரை வீட்டில் உட்கார வைத்திருக்கும். போன் செய்து "எப்போது வருவாய்?" என்று கேட்காதீர்கள். முதலாளியையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். பெற்றோர் இருக்கும்போதே, தவறு உங்கள் பெண்ணுடையது அல்ல, எங்கள் ஏற்பாட்டுடையது என்று மருத்துவர் தம் வாயால் சொல்லட்டும். தூக்கமின்மை, திடுக்கிடல், அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருவது ஆகியவை சில வாரங்களில் தணியலாம். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவர் திரும்பி வந்தால் முதலில் பகல் பணி கொடுங்கள். இரவுப் பணிக்கு எப்போது, யாருடன் வருவது என்பதை அவரே சொல்லட்டும்.